முடிவு வந்த வாரத்தில் எடுக்கப்படும் முடிவு

நான் பணியாற்றிய அரசு மேல்நிலைப் பள்ளியில் ப்ளஸ் ஒன் சேர்க்கை நாளன்று தலைமையாசிரியர் அறைக்கு வெளியே வராந்தாவில் மூன்று மேசைகள் போடப்படும். முதல் மேசையில் மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் சரிபார்ப்பார்கள். மூன்றாவது மேசையில் ரசீது கிழித்துக் கொடுப்பார்கள். நடு மேசையில்தான் குரூப் எழுதப்படும். 1988-இல் முதுகலைக் கணித ஆசிரியராகச் சேர்ந்த நான், 2019-இல் ஓய்வு பெறும் வரை, பெரும்பாலான ஆண்டுகளில் அந்த நடு மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு பிள்ளைக்கு அங்கே மூன்று நிமிடம் செலவானால் அதிகம். விண்ணப்பத்தின் வலது மேல்மூலையில் சிவப்பு மையால் ஓர் எண்ணை எழுதி அடுத்த மேசைக்கு அனுப்பிவிடுவோம். அந்த எண்ணோடு சேர்த்து எத்தனை பட்டப்படிப்புகளை அந்தப் பிள்ளையின் கணக்கிலிருந்து கழித்திருக்கிறோம் என்று நான் யோசிக்கத் தொடங்கியது பணிக்கு வந்து பத்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகுதான்.

குரூப் எப்படித் தீர்மானிக்கப்பட்டது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பு மொத்த மதிப்பெண்ணை இறங்குவரிசையில் எழுதுவோம். அரசு விதிப்படி இன ஒதுக்கீட்டைப் பார்ப்போம். மேலே இருப்பவர்களுக்குக் கணிதமும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப், அடுத்தவர்களுக்குக் கணினி அறிவியல் சேர்ந்த குரூப், அதற்கும் கீழே தாவரவியல், விலங்கியல், பிறகு வணிகவியல், கடைசியில் வரலாறும் தொழிற்கல்வியும். பிள்ளை என்ன படிக்க விரும்புகிறது என்ற கேள்வி விண்ணப்பத்தில் அச்சிடப்பட்டிருந்தது. மேசையில் அது கேட்கப்பட்டதில்லை. 'ஃபர்ஸ்ட் குரூப்' என்ற பெயரே அதை ஒரு பரிசாக மாற்றிவிட்டது. வரிசைக்காக இடப்பட்ட எண், நாளடைவில் பிள்ளைகளின் தரத்தைக் குறிக்கும் எண்ணாகிவிட்டது. நானூற்று எண்பது மதிப்பெண் வாங்கிய ஒரு மாணவி வணிகவியல் கேட்டு வந்தபோது, அவள் வீட்டில் ஏதோ பிரச்சினை என்றுதான் நாங்கள் முதலில் நினைத்தோம்.

பள்ளியிறுதிக்குப் பின் கல்லூரியில் படிக்கும் புகுமுக வகுப்பான பி.யு.சி. படித்த கடைசி அணிகளில் நானும் ஒருத்தி. தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978-இல்தான் வந்தது. அதற்கு முன், எந்தப் பாடப்பிரிவு என்ற முடிவைப் பள்ளியிறுதி முடித்துக் கல்லூரி வாசலுக்குப் போய் எடுத்தோம். கல்லூரியில் பல துறைகள் இருக்கும். குறைந்தபட்சம் எல்லாப் பாடங்களுக்கும் அங்கே ஆசிரியர் இருப்பார். ப்ளஸ் டூ வந்தபின் அந்த முடிவு ஊர்ப்பள்ளிக்கு இடம் மாறியது. படிப்பு வீட்டுக்கு அருகே வந்ததால் எத்தனையோ பெண்பிள்ளைகள் மேலே படித்தார்கள் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் ஊர்ப்பள்ளியில் எந்தக் குரூப் இருக்கும் என்பது அங்கே எந்தப் பாடத்துக்கு முதுகலை ஆசிரியர் பணியிடம் அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. எங்கள் பள்ளியில் வணிகக் கணிதம் இருந்ததே இல்லை. பக்கத்து ஊர்ப் பள்ளியில் உயிரியல் ஆசிரியர் பணிமாறுதலில் போனபின் இரண்டு ஆண்டுகள் அந்தக் குரூப்பில் சேர்க்கையே நடக்கவில்லை. 'பிள்ளை ஏன் அந்தக் குரூப்பை எடுத்தது?' என்று கேட்கும் நகரத்து உறவினர்களுக்கு இது புரிவதில்லை. எடுப்பதற்கு இருந்ததே இரண்டுதான் என்றால், அதைத் தேர்வு என்று சொல்ல நாக்கு கூசுகிறது.

என் மனத்தை உறுத்தும் ஒரு சேர்க்கை 1996-இல் நடந்தது. பத்தாம் வகுப்பில் கணிதத்தில் 52 வாங்கிய ஒரு மாணவி கணக்கு உள்ள குரூப் வேண்டும் என்று கேட்டாள். எங்கள் பள்ளியில் எழுதப்படாத ஒரு வரம்பு இருந்தது: கணிதத்தில் 60-க்குக் கீழே வாங்கியவர்களை முதல் இரண்டு குரூப்புகளில் சேர்ப்பதில்லை. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் ஆய்வுக் கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டியவள் நான் என்பதால், அந்த வரம்பைப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. அவளுக்கு வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் அடங்கிய குரூப்பை எழுதினேன். நன்றாகத்தான் படித்தாள், பி.காம். முடித்தாள். 2001-ஆம் ஆண்டுவாக்கில், கணினி என்றாலே வேலை என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த காலத்தில், எம்.சி.ஏ. சேரப் போனாள். எந்தப் பட்டம் பெற்றவரும் சேரலாம், ஆனால் ப்ளஸ் டூவிலோ பட்ட நிலையிலோ கணிதத்தை ஒரு பாடமாகப் படித்திருக்க வேண்டும் என்று தகுதிப் பக்கத்தில் இருந்தது. பி.காம். படிப்பில் வணிகப் புள்ளியியல் என்று ஒரு தாள் எழுதியிருந்தாள். அது செல்லாது என்று ஒரு கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். என்னிடம் வந்து, "அன்னைக்கு நீங்க கொஞ்சம் யோசிச்சிருக்கலாம் டீச்சர்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இன்று ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நல்ல பொறுப்பில் இருக்கிறாள். பண்டிகைக்குத் தவறாமல் பேசுவாள். அவள் நன்றாக இருக்கிறாள் என்பதால் நான் செய்தது சரியாகிவிடாது.

அதன்பிறகு எனக்கு ஒரு வழக்கம் வந்தது. எந்தக் கல்லூரியின், எந்தக் கலந்தாய்வின் தகவல் தொகுப்பேடு கிடைத்தாலும், கட்டணத்தையும் விடுதியையும் விட்டுவிட்டு, 'தகுதி' என்று தலைப்பிட்ட பக்கத்தை மட்டும் நகல் எடுத்து ஒரு கோப்பில் சேர்ப்பேன். இருபது ஆண்டுகளில் அந்தக் கோப்பு தடித்துவிட்டது. விதிகள் மாறிவிட்டதால் பாதிப் பக்கங்கள் இன்று பழைய காகிதம். ஆனால் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தால் ஒன்று மட்டும் மாறாமல் தெரியும். வழியை மறிக்கும் பாடங்கள் மிகச் சிலவே. மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம், பி.எஸ்சி. நர்சிங், பிசியோதெரபி ஆகியவற்றுக்கு உயிரியல் வேண்டும். தாவரவியலும் விலங்கியலும் சேர்ந்திருந்தாலும் சரி. அந்த வட்டத்துக்கு வெளியே அறிவியல் சார்ந்த பல படிப்புகளில், இயற்பியல், வேதியியலோடு கணிதம் வந்து நிற்கிறது. பொறியியல் முழுவதும் அப்படித்தான். கட்டிடக்கலைக்குக் கணிதம் வேண்டும். கப்பல்துறையில் அதிகாரியாவதற்கான நாட்டிகல் சயின்ஸ் படிப்புக்கும், தேசியப் பாதுகாப்பு அகாடமியின் விமானப்படை, கடற்படைப் பிரிவுகளுக்கும் வேண்டும். அதே அகாடமியின் தரைப்படைப் பிரிவுக்கு எந்தக் குரூப்பும் போதும் என்பது எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது.

பெயரைப் பார்த்து ஏமாறும் இடங்களும் உண்டு. பயோடெக்னாலஜி என்ற பெயரில் 'பயோ' இருப்பதால், தாவரவியலும் விலங்கியலும் படித்த பிள்ளைகள் பொறியியல் கலந்தாய்வில் பி.டெக். பயோடெக்னாலஜி எடுக்கலாம் என்று நம்பி இரண்டு ஆண்டுகள் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதற்குக் கணிதம் வேண்டும். அவர்களுக்குக் கிடைப்பது கலை அறிவியல் கல்லூரியில் அதே பெயரில் உள்ள பி.எஸ்சி. படிப்பு. மறுபுறம், உயிரியல் கட்டாயம் என்று எல்லோரும் நினைக்கும் பி.பார்ம். படிப்புக்கு, இயற்பியல், வேதியியலுடன் கணிதம் இருந்தாலும் போதும். பொருளியல் கலைப்பாடம்தானே என்று நினைத்தால், டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. பொருளியல் ஆனர்ஸ் சேரக் கணிதம் கேட்கிறார்கள். வணிகக் கணிதத்தைப் பற்றியும் ஒரு தெளிவு தேவை. பி.காம்., பி.பி.ஏ. படிப்பவர்களுக்கு அது நல்ல அடித்தளம். பல கலைக் கல்லூரிகளில் கணினி அறிவியல் பட்டத்துக்குக்கூட அதை ஏற்கிறார்கள். பொறியியல் கலந்தாய்வில் அதைக் கணிதமாகக் கொள்வதில்லை. மத்திய வாரியத்தில் இந்தப் பிரிவு இன்னும் முன்னதாகவே வந்துவிட்டது: அங்கே 2019-20 கல்வியாண்டிலிருந்து பத்தாம் வகுப்புக் கணிதத்திலேயே 'ஸ்டாண்டர்ட்', 'பேசிக்' என்று இரண்டு தாள்கள். எளிதாக இருக்கும் என்று பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதிவு செய்யும்போது பேசிக் எழுதிக்கொடுக்கும் பெற்றோர், அது பதினொன்றாம் வகுப்பில் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கணித ஆசிரியை கணிதத்தின் பெருமையைத்தான் பேசுவாள் என்று என் வீட்டுக்காரரே சிரிப்பார். ஒப்புக்கொள்கிறேன். ஆகவே எதிர்ப்பக்கத்தையும் என் வீட்டிலிருந்தே சொல்கிறேன்.

என் தங்கை மகன் 2017-இல் ப்ளஸ் ஒன் சேர்ந்தான். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் என்று நான்கும் எடுத்தால் டாக்டர் கதவும் திறந்திருக்கும், இன்ஜினியர் கதவும் திறந்திருக்கும் என்று எல்லோரும் சொன்னோம். அதில் நானும் உண்டு. அந்த அறிவுரை ஒரு காலத்தில் முழுக்கச் சரியாக இருந்தது. 2007-இல் தமிழ்நாட்டில் நுழைவுத்தேர்வு நீக்கப்பட்டதிலிருந்து 2016 வரை, மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் ப்ளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை. மருத்துவத்துக்கு உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50; பொறியியலுக்கு உயிரியல் இருந்த இடத்தில் கணிதம். ஒரே புத்தகம், ஒரே தேர்வு, தரவரிசைக்கு இரண்டு கூட்டு மதிப்பெண், அதாவது இரண்டு கட்-ஆஃப். நான்கு பாடங்களையும் சுமப்பதற்குப் பலன் இருந்தது. 2017-இல் நீட் தமிழ்நாட்டுக்கும் வந்தபின் கணக்கே மாறிவிட்டது. மருத்துவத்துக்குப் பொதுத்தேர்வு மதிப்பெண் செல்லாது. வேறு வகையான கேள்விகளுக்கு வேறு வகையான பயிற்சி. அந்தப் பயிற்சியில் கணிதத்துக்கு இடமே இல்லை. பையன் காலையில் பள்ளியில் தொகையீடு, மாலையில் பயிற்சி மையத்தில் செல் உயிரியல் என்று இரண்டு படகில் கால் வைத்தான். நீட் இரண்டு முறை எழுதினான், கிடைக்கவில்லை. பொறியியல் கட்-ஆஃப் 151-இல் நின்றது. பிறகு அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்தான். அங்கேதான் அவனுக்குப் பிடித்த பாடம் இயற்பியல் என்பதே அவனுக்குத் தெரிந்தது. இரண்டு கதவுக்கும் பூட்டு ஒன்றாக இருந்த காலத்து அறிவுரையை, பூட்டு மாறியபின் நாங்கள் கொடுத்துவிட்டோம்.

கட்-ஆஃப் என்றவுடன், ஊரில் எல்லோரும் பேசும், சிலரே கணக்குப் போட்டுப் பார்க்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ப்ளஸ் டூவில் ஆறு பாடங்கள், மொத்தம் 600. பொறியியலுக்கு இதில் மூன்று பாடங்கள்தான் தரவரிசைக்குச் செல்லும்: கணிதம் முழுதாக 100, இயற்பியலும் வேதியியலும் பாதியாகக் குறைந்து 50, 50. தமிழ் 96, ஆங்கிலம் 95, இயற்பியல் 80, வேதியியல் 84, கணிதம் 82, கணினி அறிவியல் 98 வாங்கிய பெண்ணின் மொத்தம் 535, கட்-ஆஃப் 164. தமிழ் 78, ஆங்கிலம் 74, இயற்பியல் 90, வேதியியல் 92, கணிதம் 95, கணினி அறிவியல் 80 வாங்கிய பையனின் மொத்தம் 509, கட்-ஆஃப் 186. பள்ளி வாசலில் வைக்கும் பேனரில் பெண்ணின் படம் இருக்கும். கலந்தாய்வில் பையன் வெகு முன்னால் இருப்பான். கணினிப் பொறியியல் படிக்கப்போகிறவர்கள் ப்ளஸ் டூவில் கணினி அறிவியல் எடுத்தால் இடம் கிடைப்பது எளிது என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. அந்த 98 தரவரிசையைத் தூக்கிவிடுவதில்லை. கணினி அறிவியலைப் பிடித்தால் எடுக்கட்டும். உயிரியலைவிடச் சுமை குறைவு என்று எடுத்தாலும் நியாயம்தான். ஆனால் அதற்காகக் கணிதத்துக்கான நேரத்தைப் பறிகொடுக்கக் கூடாது.

குரூப்பைச் சரியாக எடுத்துவிட்டு, அதன் முதல் ஆண்டையே படிக்காமல் விட்ட ஒரு தலைமுறையையும் பார்த்துவிட்டேன். ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லாத காலத்தில், சில தனியார் பள்ளிகள் ஜூன் மாதத்திலேயே ப்ளஸ் டூ புத்தகத்தைத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் அதையே உருப்போட வைத்தன. வகையீட்டின் அடிப்படையும், வெக்டரும், முக்கோணவியலின் பெரும்பகுதியும் ப்ளஸ் ஒன் புத்தகத்தில்தான் இருந்தன. 200-க்கு 198 வாங்கி அடித்தளம் இல்லாமல் போன பிள்ளைகள், பொறியியல் முதல் பருவத்தில் கணிதத்தில் அரியர் வைத்து விடுமுறையில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்கள். 2017-18-இல் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது இதற்காகத்தான். இரண்டு ஆண்டு மதிப்பெண்ணும் உயர்கல்விக்குக் கணக்கில் வரும் என்று முதலில் சொல்லி, 2018-இலேயே ப்ளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்று மாற்றினார்கள். 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தப் பொதுத்தேர்வையும் விலக்கிவிட்டது. பிள்ளைகளின் பாரம் குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான்; பழைய வழக்கம் திரும்பி வருமோ என்ற கவலையும் கூடவே இருக்கிறது.

வணிகவியலைக் கடைசிப் புகலிடமாக நினைத்த எங்கள் மேசையின் தவறு இன்று நன்றாகவே வெளிப்பட்டுவிட்டது. பட்டயக் கணக்காளர் படிப்புக்கு எந்தக் குரூப்பிலிருந்தும் வரலாம். ஆனால் கணக்குப்பதிவியலின் பற்று வரவை பதினாறு வயதில் கற்றவருக்கு அங்கே முதல் படி பழகிய படி. அந்தப் படிப்பின் முதல்நிலைத் தேர்வில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் அடங்கிய ஒரு தாள் உண்டு என்பதால், கணிதத்தை அறவே விட்டவர்கள் அங்கே திணறுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐந்தாண்டுச் சட்டப்படிப்புக்கும், ஆங்கில இலக்கியத்துக்கும், காட்சித் தொடர்பியலுக்கும் குரூப் ஒரு பொருட்டே இல்லை. குடிமைப் பணித் தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். 'கலெக்டர் ஆகணும், அதனால ஃபர்ஸ்ட் குரூப் வேணும்' என்று சொல்லி மேசையில் நின்ற பிள்ளைகளின் எண்ணிக்கையை நான் மறக்க மாட்டேன். வரலாறு குரூப்பில் சேர்ந்திருந்தால் அந்தத் தேர்வின் பாடத்திட்டத்தில் பாதியை அவர்கள் அப்போதே தொட்டிருப்பார்கள்.

தொழிற்கல்விக் குரூப்பை நாங்கள் நடத்திய விதம் இதைவிட மோசம். வருடக்கணக்கைப் போட்டுப் பார்த்தால் அந்த ஏளனத்துக்குக் காரணமே இல்லை. பத்தாம் வகுப்புக்குப் பின் நேராகப் பாலிடெக்னிக் போனால் மூன்று ஆண்டுகள் டிப்ளமோ. அதிலிருந்து பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்தால் இன்னும் மூன்று. ஆக மொத்தம் ஆறு. ப்ளஸ் டூ வழியாகப் போனாலும் இரண்டும் நான்கும் ஆறுதான். வித்தியாசம் என்னவென்றால், டிப்ளமோ முடித்தவர் நடுவில் நின்றாலும் கையில் வேலை கொடுக்கும் சான்றிதழ் ஒன்று இருக்கும். ப்ளஸ் டூவோடு நின்றவருக்கு அது இல்லை. தொழிற்கல்விக் குரூப்பில் அடிப்படை இயந்திரவியல் படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம். எங்கள் பள்ளியில் அப்படிப் போன ஒருவன் இன்று கோயம்புத்தூரில் பம்பு உதிரிபாகம் செய்யும் சிறிய பட்டறை வைத்திருக்கிறான். என் வீட்டு மோட்டார் பழுதானபோது தொலைபேசியிலேயே ஒலியைக் கேட்டு, பேரிங் போய்விட்டது என்றான். இயற்பியல் வகுப்பில் அவனுக்கு இடம் இல்லாமல் போனதற்குக் காரணம் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாள்.

பதினைந்து வயதில் எடுத்த முடிவு எவ்வளவு தூரம் பின்தொடரும் என்பதற்கு என் சக ஆசிரியர் ஒருவரின் கதையே போதும். பி.எஸ்சி. கணிதம் படித்து, பி.எட். முடித்து, இலக்கிய ஆர்வத்தால் அஞ்சல் வழியில் எம்.ஏ. ஆங்கிலம் படித்தார். முதுகலை ஆசிரியர் பணிக்குப் பட்டத்திலும் முதுகலையிலும் ஒரே பாடம் இருக்க வேண்டும். இவருடையதைப் போன்றதைக் 'கிராஸ் மேஜர்' என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்கள். ஆங்கிலத்தில் முதுகலை ஆசிரியராக அவரால் ஆகவே முடியவில்லை. பள்ளியில் கணிதம் எடுத்ததால் கணிதப் பட்டம், கணிதப் பட்டத்தால் கணிதப் பதவி உயர்வு மட்டும். ப்ளஸ் ஒன்னில் அவர் கணிதம் எடுத்ததற்குக் காரணம் கேட்டேன். "வகுப்பில் இரண்டாவது ரேங்க் வாங்கியிருந்தேன், வேறு எதைக் கொடுப்பார்கள்?" என்றார்.

மூடிய கதவு திறப்பதே இல்லை என்று பயமுறுத்துவது என் நோக்கமன்று. ப்ளஸ் டூவில் உயிரியல் படிக்காதவர்கள் பின்னர் அதைக் கூடுதல் பாடமாக எழுதித் தேர்ச்சி பெற்று நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் ஒரே ஒரு பாடத்தை மட்டும் தனியாக எழுதவும் வழி இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020-இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் பட்டத்தில், பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால், ப்ளஸ் டூவில் எந்தக் குரூப் படித்தவரும் நான்கு வாரத் தகுதிப் பயிற்சியை முடித்துத் தேர்வெழுதிச் சேரலாம். பி.எஸ்சி. முடித்தவர்கள் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் உண்டு. அதற்கும் ப்ளஸ் டூவில் கணிதம் படித்திருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். விட்டுப்போன உயிரியலை இருபது வயதில் தனியாக உட்கார்ந்து வாசித்துத் தேறியவர்களை எனக்குத் தெரியும். விட்டுப்போன கணிதத்தை அப்படித் தேற்றியவர்கள் என் அறிவில் இரண்டே பேர். அது படிக்கட்டுப் பாடம். நடுவில் மூன்று படி இல்லையென்றால் தாண்டி ஏறுவது எல்லோருக்கும் ஆகாது. எனவே கணக்கு ஓரளவு வரும், ஆனால் என்ன படிக்கப்போகிறோம் என்று இன்னும் தெரியவில்லை என்று சொல்லும் பிள்ளைக்குக் கணிதம் இருக்கும் குரூப்பைத்தான் இன்றும் சொல்வேன். என்ன வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்து, அதில் கணிதத்துக்கு வேலையே இல்லை என்றால், அதை இறக்கி வைத்துவிட்டு மூச்சு விடட்டும்.

இந்த ஆண்டு முடிவு வந்த மறுநாள், எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருப்பவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். 500-க்கு 447. "ஹெட்மாஸ்டர் பயோ-மேத்ஸ் தர்றேன்னு சொல்லிட்டார் டீச்சர். இவதான் காமர்ஸ் காமர்ஸ்னு நிக்கிறா. நீங்க சொல்லுங்க" என்றார். நான் பெண்ணைப் பார்த்தேன். கடையின் வரவு செலவு நோட்டு மூன்று ஆண்டுகளாக அவள் கையெழுத்தில்தான் இருக்கிறது, ஜி.எஸ்.டி. என்றால் என்ன என்று எனக்கே அவள்தான் விளக்கினாள். என் பழைய கோப்பை எடுத்துப் பட்டயக் கணக்காளர், பி.காம்., பொருளியல், புள்ளியியல் ஆகியவற்றின் தகுதிப் பக்கங்களை அவளிடமே கொடுத்து, தேதி பழையது, ஒவ்வொன்றையும் இன்றைய இணையதளத்தில் சரிபார்த்துக்கொண்டு வா என்று அனுப்பினேன். இரண்டு நாளில் வந்தாள். என் பக்கங்களில் நான்கு இடங்களில் மாறியிருந்த விதிகளைப் பென்சிலால் திருத்தியிருந்தாள். வணிகவியல்தான், ஆனால் நான்காவது பாடம் வரலாறாக இல்லாமல் வணிகக் கணிதமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். அது பொறியியலுக்கு உதவாது என்று நான் தொடங்கியபோது, "அது வேண்டாம்னுதான் டீச்சர் எடுக்கிறேன்" என்றாள்.

எங்கள் ஊர்ப் பள்ளியில் அந்தப் பாடம் இல்லை. அது இருக்கும் பள்ளி 14 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதன்பிறகு அரைமணி நேரம் அப்பாவும் மகளும் என் வீட்டுக் கூடத்தில் பேசியதெல்லாம் பேருந்தைப் பற்றித்தான்: காலை 7.20 வண்டியை விட்டால் அடுத்தது 8.50, அதில் போனால் முதல் பாடவேளை போய்விடும், மாலை 5.10 வண்டி மழைக்காலத்தில் வருமா வராதா, தையல் கடையை ஒரு மணி நேரம் முன்னதாகவே அடைத்துவிட்டு அவர் போய் அழைத்து வர முடியுமா. எனக்குத் தெரிந்த கணிதம் எதுவும் அதில் உதவவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன். கிளம்பும்போது அவர், "பஸ் பாஸுக்கு போட்டோ எடுக்கணும், வா" என்று மகளிடம் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது.